கோழி வளர்ப்புக் கையேடுகள் கரிசல் காட்டுக்குப் பொருந்துமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? வழிநெடுகக் கரிசல் நிலமும் சீமைக் கருவேலமும் இடையிடையே பனையும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதே பெருமழை. சித்திரையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும். இந்த ஊர்களில் பல வீடுகளின் புறக்கடையில் நான்கைந்து கோழிகளாவது மேய்வதைக் காணலாம். அவை இரவில் அடையும் இடத்தைக் கவனித்ததுண்டா? கவிழ்த்த பஞ்சாரம், தகரம் போர்த்திய மண்கூடு, பழைய கதவை அறுத்து அடித்த பெட்டி, உடைந்த கல்நார்த் தகடு சாத்திய மூலை எனப் பலவிதமாக இருக்கும்.

புறக்கடைக் கோழி வளர்ப்புப் பற்றித் தமிழில் கையேடுகள் பல வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கும். முதற்பகுதியில் இனங்களும் அவை இடும் முட்டைகளின் எண்ணிக்கையும் பட்டியலாக வரும். இரண்டாம் பகுதியில் கூடு பற்றிச் சில வரிகள் வரும். உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு கட்டிக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். இவ்விரு பகுதிகளும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. வறண்ட பகுதிக்கு இந்தக் கையேடுகள் போதாமற்போவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பட்டியலில் இல்லாத எண்

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இடும். ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா 160-க்கு மேல் இடும். இந்த இரண்டு எண்களை அருகருகே அச்சிட்டால் வாசகர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

ஒரு கணக்குப் போடுவோம். இது கள ஆய்வில் கிடைத்த புள்ளிவிவரம் அன்று. சிந்திப்பதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. 160 முட்டையிடும் இனத்தில் 10 பெட்டைகளை வளர்க்கிறீர்கள். கீரியும் நாயும் வெயிலுமாகச் சேர்ந்து, முட்டையிடும் பருவத்துக்கு முன்பே ஆறைக் கொண்டுபோய்விடுகின்றன. மீதி நான்கும் இடுபவை 640. பக்கத்து வீட்டில் 70 முட்டையிடும் சிறுவிடைக் கோழிகள் 10 இருந்து, ஒன்று மட்டும் தவறினால் அங்கே கிடைப்பவை 630. பட்டியலில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்த வேறுபாடு, முற்றத்தில் பத்து முட்டையாகச் சுருங்கிவிட்டது! இழந்த ஆறுக்கு நீங்கள் மறுபடியும் பணம் கொடுக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய மேம்பட்ட இனங்கள் அநேகமாக அடை படுப்பதில்லை. சிறுவிடையோ தானே அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரித்துவிடும். பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும்.

மேம்பட்ட இனங்கள் வேண்டா என்பதா இதன் பொருள்? இல்லை. அதே பத்துக் கோழிகளுக்கு நல்ல கூடு அமைத்து, ஒன்று மட்டும் இறக்கும்படி பார்த்துக்கொண்டால் 1,440 முட்டை கிடைக்கும். ஆகவே எந்த இனம் இலாபம் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கூடுதான். கையேடுகள் முதலில் கூட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் பிறகு இனத்துக்கு வந்திருக்க வேண்டும்.

கோழிக்கு வியர்க்காது

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைக்கும். மூச்சோடு வெளியேறும் ஈரமே அதன் உடலைக் குளிர்விக்கும். ஆனால் அளவுக்கு மீறி இளைத்தால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்துபோகும். முட்டையோடு உருவாகத் தேவையான கார்பனேட்டும் குறையும். கோடையில் தோல் முட்டையும் மெல்லிய ஓட்டு முட்டையும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனவே கூரைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு வெப்பத்தையும் கேட்க வேண்டும். தகரம் சூடேறி, அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி வீசும். பனையோலை வேய்ந்த கூரையில் ஓலைகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். தகரந்தான் இருக்கிறதென்றால் மேலே சுண்ணாம்பு பூசி, ஓலையைப் பரப்புங்கள். கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் உள்ளே புகாது. இனத்திலும் வெப்பக் கணக்கு உண்டு. மொட்டைக் கழுத்துக் கோழிக்கு மற்றக் கோழிகளைவிட இறகு குறைவு; உடற்சூடு எளிதில் வெளியேறும். இந்த எளிய செய்தியைப் பல பட்டியல்களில் காணோம்.

மலிவுக்குள் இருக்கும் நஞ்சு

மலிவாகக் கிடைப்பதெல்லாம் கூட்டுக்கு ஆகுமா? உடைந்த கல்நார்த் தகடு மலிவுதான். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கின்றன. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கோழியைவிட, கூடு கட்டுபவருக்கும் பக்கத்தில் விளையாடும் குழந்தைக்குமே இதனால் ஆபத்து அதிகம்.

பழைய கதவும் சன்னலும் அடுத்தவை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். உரிந்து விழும் செதிலைக் கோழி கொத்தித் தின்னும். ஈயம் மஞ்சள் கருவில் சேரும். அதை உண்பவர் வீட்டுப் பிள்ளைகள். பருத்திக்கு அடித்த மருந்து டின்னை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக வைப்பதும் இதைப் போன்றதே. எத்தனை முறை கழுவினாலும் அது வேண்டா, மண்சட்டி போதும்.

கம்பி வலையிலும் கவனம் தேவை. அறுகோணக் கண்ணுடைய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். எலியோ பாம்போ உள்ளே வராமல் தடுக்காது. அடிப்பக்கம் இரண்டடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் வலை அடிக்க வேண்டும். நறுக்கிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். கோழி விழுங்கினால் அவற்றிலுள்ள துத்தநாகப் பூச்சு நஞ்சாகும்.

உள்ளூர்ப் பொருளும் குற்றமற்றதன்று

அப்படியானால் பனையோலையும் கருவேலங் கம்பும் போதுமே என்று நீங்கள் நினைக்கலாம். பழமையைப் புகழும் கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடும். கோழி உண்ணியைப் பற்றி அவை பேசுவதில்லை. வறண்ட, வெப்பமான பகுதிகளில் செழிக்கும் இந்த உண்ணி, பகலில் மரப்பட்டையின் அடியிலும் சுவர் வெடிப்பிலும் ஓலை மடிப்பிலும் ஒளிந்திருக்கும். இரவில் வெளிவந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். உணவின்றி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். கோழியின் உடலைப் பகலில் சோதித்து ஒன்றுமில்லை என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். வெறுங்கூட்டை ஆறு மாதம் காயப்போட்டாலும் அது சாகாது.

ஆகவே கருவேலங் கம்பைப் பட்டை உரித்து, வெடிப்பில்லாமல் தேர்ந்தெடுங்கள். கோழி உட்காரும் கழி சுவரையோ ஓலையையோ தொடக்கூடாது. சுவர் வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் குழைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். கூரை ஓலையை அவ்வப்போது மாற்றி, பழையதை எரித்துவிடுங்கள். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் பிளப்பதால், தரையை நம்பாமல் கால் நட்டு இரண்டடி உயரத்தில் கூடு அமைப்பதே நல்லது. ஐப்பசி ஈரத்தில் பெருகும் இரத்தக் கழிச்சலும் இதனால் குறையும். வெள்ளைக் கழிச்சலை மட்டும் எந்தக் கூடும் எந்த இனமும் தடுக்காது; அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி.

திட்டங்களுக்கு ஒரு வார்த்தை

தமிழக அரசு 2018-இல் ஏழைப் பெண்கள் 77,000 பேருக்கு ஆளுக்கு 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு வாரம் வளர்ந்த குஞ்சுகளோடு இரவுக் கூண்டும் சேர்த்து வழங்க முன்வந்தது பாராட்டத்தக்கது. கூடின்றிக் குஞ்சில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் தாயின் குரலையே கேட்டறியாத குஞ்சுகள், பருந்து வட்டமிடும் வெட்டவெளிக்கு வருகின்றன. பகல் வெயிலில் அவை ஒதுங்க நிழல் எங்கே? இத்தகைய திட்டங்களின் வெற்றியை வழங்கிய குஞ்சுகளின் எண்ணிக்கையால் அளக்கக்கூடாது. ஓராண்டு கழித்து ஊர் ஊராகச் சென்று, உயிரோடிருப்பவற்றை எண்ண வேண்டும். அந்த எண்ணைக் கையேடுகளில் அச்சிட்டால் திருச்சுழிக்காரர் தமக்குரிய இனத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

மாணவர்களாகிய நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூட்டிலும் ஓலைக் கூட்டிலும் கோழி நிற்கும் உயரத்தில் வைத்து ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஓர் இரவு கைவிளக்கோடு சென்று கழியின் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெருவில் சென்ற ஆண்டு வாங்கிய குஞ்சுகளில் எத்தனை மிஞ்சின, போனவை எதனால் போயின என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊருக்கு உண்மையிலேயே பொருந்தும் கையேட்டின் முதற்பக்கம் அந்த நோட்டில்தான் இருக்கும்.