சம்பீர் துறையும் பலகாரம் விற்ற பெண்ணும்

கற்பனையில் ஓர் ஊரைப் படைக்கும் ஆசிரியர், அவ்வூரில் எவரைப் பேச விடுகிறார், எவரை வாய்மூடி நிற்கச் செய்கிறார் என்பதை நேயர்கள் முதலில் கவனித்தல் வேண்டும். ஜோசப் கான்ராடு 1895-இல் வெளியிட்ட ‘ஆல்மேயர்ஸ் ஃபாலி’ என்னும் நாவலில் வரும் சம்பீர் அத்தகையதோர் ஊர். போர்னியோவின் கீழ்க்கரையில், பந்தாய் ஆற்றையொட்டிய வணிகத்துறை. 1887-இல் சிங்கப்பூரிலிருந்து ‘விதார்’ கப்பலில் மேட்டாகச் சென்ற கான்ராடு, பெராவ் ஆற்றில் கண்டதையே பெயர் மாற்றி எழுதினார்.

அந்த ஆறு ஆங்கிலேயருக்கா, டச்சுக்காரருக்கா? கதையின் அச்சாணி இதுவே. ஆங்கிலக் கம்பெனி வருமென்று நம்பி ஆல்மேயர் பெரியதோர் வீடு கட்டுகிறான். லண்டனிலோ உரிமையைக் கைவிட்டுவிடுகின்றனர். டச்சு மாலுமிகள் அவ்வீட்டிற்கு இட்ட ஏளனப் பெயரே நூலுக்குப் பெயராயிற்று. 1896-இல் வந்த அடுத்த நாவலிலோ, ஜிம்-எங் என்னும் சீனர் தாம் ஆங்கிலேயரென்று கூறி டச்சுக் கொடியை வணங்க மறுக்கிறார். நாம் நகைத்தோம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நமக்கும் அந்நோய் முற்றிலும் அயலன்று என்பது பின்னரே உறைத்தது.

மெய்யான போர்னியோவின் எல்லையையும் 1891-இல் லண்டனிலேதான் எழுதினார்கள். சிப்பாடான், லிகித்தான் தீவுகளின் வழக்கில் 2002-இல் தீர்ப்பளித்த அனைத்துலக நீதிமன்றமும் அவ்வொப்பந்தத்தின் வாசகத்தை ஆராய நேர்ந்தது.

இவ்வளவும் சரியே. நமது குறை வேறு. தமினா என்றோர் அடிமைப்பெண் இக்கதையில் வருகிறாள். புலாங்கி என்பவனின் உடைமை. பலகாரம் சுமந்து ஊரெங்கும் விற்பவள். ஆற்றின்மேல் எக்கொடி பறந்தால் அவளுக்கு என்ன? அவள் உள்ளத்தை நெருங்கிக் கான்ராடு எழுதிய சில பக்கங்களே நூலில் தலைசிறந்தவை என்பது நமது துணிபு. ஆயினும் அவ்வுள்ளம் முதிராதது, காட்டுத்தன்மையது என்று அங்கேயே தீர்ப்பும் கூறிவிடுகிறார்! ஆல்மேயரின் பேராசைக்கு இரங்கிய பேனா, இவளிடம் ஏன் இவ்வளவு அவசரப்பட்டது?

பிரட்டில் பேர் எழுதும் கிராணிகள் நாம். வாய்திறவாது வரிசையில் நிற்போரைப் பற்றி இதே தீர்ப்பை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வெட்கத்தோடு சொல்கிறோம், மறுத்துப் பேசியதில்லை.

ஆல்மேயரின் மகள் நீனா காதலனோடு புறப்படும் இரவில், உறங்கும் தந்தையை எழுப்பிச் செய்தி சொல்பவள் யார்? தமினாதான். கதையைத் திருப்பிவிடும் அச்சொற்களை அவள் வாயில் வைத்தவரும் கான்ராடே.