கீழே கதவு வேண்டாம், டிராயர் போடுங்கள்!

பெங்களூரில் எங்கள் பிளாட்டின் சமையலறையைப் புதிதாகப் போட்டு முடித்திருக்கிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறேன். காபி கலப்பதற்கு முன்பே கீழ் டிராயரை இழுத்துக் காட்டிவிடுகிறேன். அவ்வளவு சந்தோஷம்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டுக்கென்று செலவு செய்ததிலேயே மனம் நிறைந்த செலவு இதுதான்.

பழைய அடுப்படி பில்டர் கொடுத்தது. மேலே கிரானைட் மேடை, கீழே கடப்பா கல் தட்டுகள், அவற்றை மறைக்கப் பிளைவுட் கதவுகள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் அமைப்பு. பணியாரக் கல் எப்போதும் பின்வரிசையில்தான் இருக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் இட்லிப் பானை, பெரிய குக்கர், உருளி எல்லாவற்றையும் தரையில் இறக்கி, முட்டி போட்டு, கையை நீட்டித் துழாவ வேண்டும். எழுபதைத் தாண்டிய அம்மா எங்களோடு இருக்கிறார். அவர் குனிந்து நிமிர்வதைப் பார்க்கும்போதெல்லாம் இதை மாற்றியே ஆகவேண்டும் என்று தோன்றும்.

நாங்கள் போனது நாகசந்திரா ஐக்கியா. மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் ஐக்கியா கடை திறந்தது. பெங்களூருக்கு 2022 ஜூனில் வந்தது. அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது, முழுச் சமையலறைகளையே அப்படியே நிறுத்தி வைத்திருப்பதுதான். படத்தைக் காட்டி ஆர்டர் வாங்கும் வேலையே இல்லை. சிங்க் முன்னால் நின்று பார்க்கலாம், மேடையில் கை வைத்து உயரம் பார்க்கலாம், ஒவ்வொரு டிராயராகத் திறந்து மூடலாம். அம்மா ஒரு டிராயரை வேண்டுமென்றே பலமாகத் தள்ளினார். கடைசி இரண்டு விரற்கடையில் அது தானே வேகம் குறைந்து, சத்தமே இல்லாமல் உள்ளே போய் நின்றது. அம்மா அதையே மறுபடி மறுபடி செய்து பார்த்தார். "இதுதான்டி வேணும்" என்றார். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

போவதற்கு முன் அளவெடுத்துப் போக வேண்டும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. சுவரின் நீளத்தைத் தரையருகே, மேடை உயரத்தில், மேலே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். எந்தச் சுவரும் நூல் பிடித்தாற்போல் இருப்பதில்லை. மூன்றில் குறைந்த அளவே நமக்குக் கணக்கு. தண்ணீர்க் குழாய், பிளக் பாயிண்ட், ஜன்னல், கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டு போனோம். கடையில் இருந்த பெண் அதைக் கம்ப்யூட்டரில் போட்டதும், எங்கள் அடுப்படியே திரையில் எழுந்து நின்றது!

அந்தச் சமையலறை வரிசைக்கு மெட்டோட் என்று பெயர். அதன் கணக்கைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. கீழ்ப் பெட்டியின் உயரம் 80 செ.மீ., ஆழம் 60 செ.மீ. அகலத்தில் 20, 30, 40, 60, 80 என்று கிடைக்கிறது. டிராயர் முகப்பும் அதே கணக்குத்தான். 20, 20, 40 என்று மூன்றை அடுக்கினால் சரியாக 80. மேல் டிராயரில் கரண்டி, நடுவில் தட்டும் டப்பாவும், அடியில் பானையும் குக்கரும். எதையும் அறுக்கவோ இழைக்கவோ வேண்டாம். சுவர் ஓரத்தில் மிஞ்சும் சின்ன இடைவெளிக்கு மட்டும் ஒரு பட்டையை அளந்து வெட்டிச் சொருகுகிறார்கள்.

அளவெடுத்த சமையலறை என்ற எண்ணத்துக்கு வயது நூறு. 1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குட்டி அடுப்படியைப் பார்த்து, பெண்ணின் ஒவ்வோர் அடியையும் மிச்சப்படுத்த வேண்டும் என்று யோசித்திருக்கிறார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக இருந்தன! சமைப்பவளின் முதுகைப் பற்றி அன்றைக்கே ஒருவர் யோசித்திருக்கிறார். அவருக்கு நான் மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

இனி பொருத்தும் கதை. பழைய மேடையை உடைத்து, பிளம்பரும் எலக்ட்ரீசியனும் வேலை முடித்த பிறகு, கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓசூர்க்காரர். பெட்டியைத் தொடவே இல்லை. முதலில் சுவரில் ஒரு இரும்புப் பட்டையை வைத்தார். மேலே ரசமட்டம். குமிழி நடுக்கோட்டுக்கு வரும்வரை பட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். "இது ஒண்ணு நேரா நின்னாப் போதும்க்கா, மத்ததெல்லாம் தானா நேராயிடும்" என்றார். அப்படியே நடந்தது! பெட்டிகளைப் பட்டையில் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி, ஒன்றோடொன்று முடுக்கினார். முன்பக்கக் கால்களைத் திருகி உயரத்தைச் சரிசெய்தார். தரை கொஞ்சம் சரிவுதான். மேடை மட்டத்தில் அது தெரியவே இல்லை. கீல்களிலும் திருகாணி வைத்திருக்கிறார்கள். மேல் அலமாரிக் கதவை ஏற்றலாம், இறக்கலாம், ஓரம் தள்ளலாம். கதவுக்கும் கதவுக்கும் இடையிலான கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். அதைப் பார்க்கவே அடிக்கடி உள்ளே போய் நிற்கிறேன்.

கிரானைட் மட்டும் எங்கள் ஏரியா கல் கடையில் வாங்கினோம். பெட்டிகள் எல்லாம் நின்ற பிறகே கல்லுக்கு அளவெடுக்க வேண்டும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் துளை அப்போதுதான் பிசகாது. கால் 8 செ.மீ., பெட்டி 80, கல் 2 என்று மேடை 90 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. என் உயரத்துக்குத் தோள் தூக்காமல் காய் நறுக்கலாம். அம்மாவுக்கு நறுக்கவும் பிசையவும் சாப்பாட்டு மேஜைதான் வசதி.

"பார்ட்டிக்கிள் போர்டு தண்ணி பட்டா ஊறிடுமே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தேங்கும் தண்ணீரில் அந்தப் பலகை உப்பும்தான். ஆனால் பெட்டி தரையைத் தொடுவதே இல்லை. பிளாஸ்டிக் கால்கள் தாங்கி நிற்கின்றன. முன்னால் மறைக்கும் பலகை கிளிப்பில் மாட்டியிருப்பதால், கழற்றி வைத்துவிட்டு உள்ளே பெருக்கித் துடைக்கலாம். சிங்க்குக்கு அடியில் ஒரு விரிப்பு, குழாய்க்காக வெட்டிய துளையின் விளிம்பில் சிலிகான், இந்த இரண்டையும் விடாதீர்கள். கேஸ் சிலிண்டரை யூட்டிலிட்டியில் வைத்துக் குழாய் இழுத்துவிட்டதால், உள்ளே ஒரு பெட்டி முழுசாக மிஞ்சியது.

இப்போது அடுப்புக்குக் கீழே மேல் டிராயரில் அஞ்சறைப் பெட்டி, இடுக்கி, தோசைத் திருப்பி. அடி டிராயரில் குக்கர்கள், இட்லிப் பானை, உருளி. இழுத்தால் பின்வரிசை வரைக்கும் முழுசாக வெளியே வந்துவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. பணியாரக் கல் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம்! வாரத்துக்கு இரண்டு நாள் அம்மா பணியாரம் ஊற்றுகிறார். முட்டி வலிக்கிறது என்று அவர் சொல்லிக் கேட்டே நாளாயிற்று.

வீட்டில் அடுப்படி வேலை தொடங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்தக் கடையில் வாங்கினாலும் சரி, கார்பெண்டரை வைத்துச் செய்தாலும் சரி, பளபளக்கும் கதவிலும் கண்ணாடியிலும் கொஞ்சம் மிச்சம் பிடியுங்கள். அந்தப் பணத்தை மேடைக்குக் கீழே முழுக்க வெளியே வரும் டிராயர்களில் போடுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன், அந்த வீட்டில் அதிகம் சமைப்பவரைக் கடைக்குக் கூட்டிப் போய், அவர் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.