ட்ரெமேர்: திருட்டில் பிறந்த குலமும் அதன் பகைக் கணக்கும்

'வாம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை அமெரிக்காவின் ஒயிட் உல்ஃப் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. அதில் வரும் ரத்தக்காட்டேரிக் குலங்கள் பலவும் விவிலியத்தின் காயீன் வழி வந்தவர்கள் என்று மார்தட்டிக்கொள்ளும். ட்ரெமேர் குலத்தின் வம்சாவளியோ திருட்டில் தொடங்குகிறது. கதைப்படி அவர்கள் ஹெர்மெஸ் சபை என்ற மந்திரவாதிகள் கூட்டத்தின் ஒரு பிரிவு. சாகாவரம் தேடிப் புறப்பட்டவர்கள், தங்களில் ஒருவனான கொராட்ரிக்ஸ் வகுத்த சடங்கில் ஸிமீஸி குலத்தாரின் ரத்தத்தைக் கொண்டு 1022இல் தாங்களே காட்டேரிகளானார்கள். பழைய மந்திர ஆற்றல் அதோடு போயிற்று. ரத்தத்தை வைத்தே புதிய மந்திரம் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. மற்றவர்களைப் பற்றி இவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லிலும் இந்தத் திருட்டின் பதற்றம் இருக்கிறது.

முதல் பகை, ரத்தத்தைப் பறிகொடுத்த ஸிமீஸிகளோடு. டிரான்சில்வேனியாவில் அவர்கள் பழைய நிலப்பிரபுக்கள். சதையையும் எலும்பையும் களிமண்போல் பிசைந்து உருமாற்றுபவர்கள். அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ட்ரெமேர்கள் இகழ்வார்கள். ஆனால் அவர்களை எதிர்க்க இவர்கள் செய்த காரியம் அதைவிடக் கொடியது. ஸிமீஸி, நோஸ்ஃபெராட்டு, காங்ரெல் குலத்தவரைப் பிடித்து, கல் போன்ற தோலும் சிறகும் கொண்ட கார்காயில் என்னும் அடிமைகளை உருவாக்கினார்கள். அடிமைகள் கிளர்ந்தெழுந்து தப்பிய பிறகும் குலத்தின் கண்ணுக்கு அவர்கள் ஓடிப்போன சொத்துதான்.

சலூப்ரிகளின் கதை இன்னும் கசப்பானது. நோய் தீர்க்கும் குலம். நெற்றியில் மூன்றாம் கண் திறக்கும். அவர்களின் மூதாதை சாலோட் உறங்கிக்கொண்டிருந்தபோது, குலத் தலைவன் ட்ரெமேர் அவன் ரத்தத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்து அந்த ஆற்றலைத் தனதாக்கிக்கொண்டான். சும்மா விட்டால் பழி தேடி வருவார்களே! சலூப்ரிகள் ஆன்மாவைத் திருடுபவர்கள் என்று ஊரெல்லாம் பரப்பி, வேட்டையாடி, விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தார்கள். திருடியவனே திருடன் திருடன் என்று கூவிய கதை. இதில் விளையாட்டை எழுதியவர்களின் சாமர்த்தியம் தெரிகிறது: குலநூல்கள் அந்தந்தக் குலத்தின் வாய்மொழியாகவே பேசுவதால், ட்ரெமேர் சொல்வதை நம்புவதா என்பது ஆடுபவர் பொறுப்பு.

அசாமைட் கொலையாளிகள் பிற காட்டேரிகளின் ரத்தத்தைக் குடிக்க முடியாதபடி சாபமிட்டவர்களும் இவர்களே. கமரில்லா என்ற காட்டேரிக் குலங்களின் கூட்டணியில் இவர்களுக்கு மதிப்பு கூடியதற்கு அது ஒரு காரணம். கூட்டணியின் வென்ட்ரூ பிரபுக்களை இவர்கள் உள்ளூர மெச்சுவதில்லை. வெயில் படாமல் இருக்க நல்ல குடை என்ற அளவில் சகித்துக்கொள்கிறார்கள்.

ஹெர்மெஸ் சபையின்மேல் உள்ள பகை வேறு வகை. காட்டேரிகளான துரோகம் வெளிப்பட்டதும் இரு தரப்புக்கும் போர் மூண்டது. உயிருள்ள மந்திரவாதியைப் பார்க்கும்போது, தாங்கள் இழந்தது இன்னும் அவனிடம் இருக்கிறதே என்ற பொறாமையே முந்திக்கொள்கிறது. ஓநாய் மனிதர்களையும் தேவதைக் குலத்தாரையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எட்டி நில், கிடைத்தால் ரத்தத்தைச் சோதித்துப் பார்.

2018இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிலைமை தலைகீழ். மனித வேட்டைக்காரர்கள் வியன்னாவிலிருந்த தலைமையகத்தைத் தகர்த்துவிடுகிறார்கள். அடுக்கடுக்காகக் கட்டுப்பாடு வைத்திருந்த குலப் பிரமிடு உடைகிறது. பிற காட்டேரிகளை ரத்தத்தால் பிணைக்கும் ஆற்றலும் போய்விடுகிறது. கார்னா, கொராட்ரிக்ஸ் என்ற பெயர்களில் தனித்தனி இல்லங்களாகப் பிரிந்தவர்கள், முன்பு ஸிமீஸிகளைப் பார்த்த அதே சந்தேகத்தோடு இப்போது ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.