மறுக்கத் தெரிந்த மாணவர்கள்

ஆங்கில விவாதம் பழகும் தூத்துக்குடி மாணவர்களுக்குச் சேதுசமுத்திரத் திட்டத்தைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைப்பது அரிது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் கால்வாய் தோண்ட 2005இல் தொடங்கிய இந்தத் திட்டம் இன்னும் முடியவில்லை. அதைப் பற்றிய வாதமும் ஓயவில்லை.

“கால்வாய் வந்தால் கப்பல்கள் இலங்கையைச் சுற்ற வேண்டாம், நேரம் மிச்சம்” என்கிறது ஒரு தரப்பு. “மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் கெடும்” என்று எதிர்த் தரப்பு சொல்வது கனமான வாதம்தான். ஆனாலும் நேரம் மிச்சம் என்ற கூற்றை அது தொடவே இல்லை. “திட்டமிட்ட ஆழம் 12 மீட்டர்தான்; பெரிய கப்பல்கள் நுழைய முடியாது, நுழைபவையும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்” என்று சொல்லும்போதுதான் பதில் மறுப்பாகிறது. என்ன அழகான வெட்டு!

ஆங்கிலப் பயிற்சியில் இப்படி மறுப்பதற்கு நான்கு படிகள்: எதிரணி சொன்னது, நம் மறுப்பு, காரணம், முடிவு. நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எழுவகை மதங்களிலும் (கொள்கைகளிலும்), பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்பு களைவது ஒன்று.

இப்படி மறுத்துப் பழக இணைய வகுப்பு நல்ல களம். ஒருவர் பேசும்போது மற்றவர்களின் மைக் அணைந்திருக்கும். குறுக்கிட வழியில்லாததால் காது கொடுத்துக் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்கள். ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கிறது.

இரு தரப்பிலிருந்தும் மறுக்கப் பழகுவதற்கு, ஆசிரியர்கள் அடுத்த சுற்றில் தரப்பை மாற்றிப் பேச வைக்க வேண்டும்.