அடுத்தவர் அடித்த ரிவெட்

வால் முடிந்துவிட்டது, இறக்கை பாதியில் நிற்கிறது, மீதியெல்லாம் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது, கராஜில் இடமில்லை, உடனே விற்பனை. அமெரிக்காவில் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் மத்தியில் இந்த மாதிரி விளம்பரத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. விற்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆர்வி ரகத்தில் ஒன்றைக் கட்டி முடிக்கச் சுமார் 2,000 மணி நேரம் பிடிக்கும். மாலையும் வார இறுதியும் மட்டுமே கையில் இருப்பவருக்கு அது ஐந்தாறு வருடம். அதற்குள் வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, சிலருக்கு மணமுறிவே வந்துவிடுகிறது.

ஆர்வி ரகத்தின் மூலவர் ஆரிகன் மாநிலத்துக்காரரான ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன். 1971-இல் தன் ஒற்றை இருக்கை ஆர்வி-3-ஐப் பறக்கவிட்டார். அதன்பின் அவர் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் அனுப்பிய கிட்டுகளிலிருந்து இதுவரை 11,000 விமானங்களுக்கு மேல் பறந்திருக்கின்றன. பாதியில் நின்றவையும் ஏராளம்.

புதுக் கிட்டை வாங்கியவர் வரைபடத்தைப் படித்தால் போதும். பாதியில் விட்டதை வாங்கியவர் முன்னவரின் கையைப் படிக்க வேண்டும். ரசனைக்கு வேலை அதிகம் இந்த இரண்டாவதில்தான்.

கை தெரிவது ரிவெட்டில். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிக்க, உள்ளே இன்னொருவர் எஃகுக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். ஓரிரு நொடியில் தண்டின் நுனி நசுங்கி மறுதலை ஆகிவிடும். அதன் அகலம் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். உயரம் விட்டத்தில் பாதி. கட்டி துளி சாய்ந்திருந்தாலும் மறுதலை ஒருபக்கமாகச் சரிந்து படுத்துவிடும். துப்பாக்கி வழுக்கியிருந்தால் தகட்டில் பிறை வடிவில் ஒரு வடு. பட்டறைகளில் அதை 'ஸ்மைலி' என்பார்கள். சில கிட்டுகளில் முதல் நூறு ரிவெட் தடுமாறி, அப்புறம் வரிசை சீராகிக்கொண்டே போகும். வாலிலிருந்துதான் வேலை தொடங்குகிறது என்பதால், கற்றுக்குட்டிக் காலத்துப் பிழைகளில் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கும்.

ரிவெட்டைப் பார்த்து முடித்த வாங்குபவர் தகட்டு விளிம்பில் விரலை ஓட்டுவார். பிசிறு எடுக்காத விளிம்பிலிருந்துதான் பின்னாளில் விரிசல் கிளம்பும். துளையின் மையத்திலிருந்து விளிம்புக்கு விட்டத்தைப் போல் இரு மடங்கு இடம் இருக்கிறதா, டிரில் இரண்டு தரம் இறங்கித் துளை எட்டு வடிவமாகிவிட்டதா என்பது அடுத்த சோதனை. எரிபொருள் தொட்டிக்கு வேறு வைத்தியம். இறக்கையின் முன்விளிம்பே தொட்டி. கறுப்புப் பசை ஒன்றால் மூட்டுகளை அடைத்திருப்பார்கள். தொட்டியின் வாயில் ஒரு பலூனை மாட்டிக் கொஞ்சம் காற்றை ஏற்றி, மூட்டெல்லாம் சோப்பு நீர் தடவுவார்கள். பலூன் மறுநாளும் தளராமல் நின்றால் முன்னவர் பொறுமைசாலி.

பழைய ஆர்வி-6 என்றால் சோதனை இன்னும் கடுமை. அதன் தொடக்க காலக் கிட்டுகளில் தகடுகளுக்குத் துளை போட்டுத் தரவில்லை. கராஜில் மரச்சட்டம் நிறுத்தி, அதில் இறக்கையைக் கட்டி, அளந்து துளைபோட வேண்டும். சட்டம் கோணினால் இறக்கையும் கோணும். முறுக்கோடு ரிவெட் அடித்து மூடிய இறக்கையை நேராக்க வழியில்லை. தூக்குக்குண்டும் நூலும் எடுத்துக்கொண்டு வருகிற வாங்குபவரை விற்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

துளைகள் பொருந்தி வரும் புதிய கிட் என்றால் கவலையில்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் இல்லை. லேசரால் துளையிட்டு வந்த சில பாகங்களில், ரிவெட் தலை அமரக் குழி அழுத்தியபோது விரிசல் விட்டது 2023-இல் பெரும் பிரச்சினையானது. அந்த டிசம்பரில் வான்ஸ் நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போக வேண்டிவந்தது. ஆகவே கிட் எந்த வருடத்தது என்பது முதல் கேள்வியாகிவிட்டது.

குறை கண்டதும் பிரித்துவிடுவது தேர்ச்சி அல்ல. தலையின் ஆழத்துக்கு மட்டும் டிரில் இறக்கி, தலையை ஒடித்து, தண்டைத் தட்டி வெளியேற்றுவது நுணுக்கமான வேலை. கை தவறினால் துளை பெரிதாகி, சுமாரான ரிவெட் இருந்த இடத்தில் மோசமான ரிவெட் வந்துவிடும். பெரிதான துளைக்கென்றே தண்டு தடித்து, தலை சிறியதாகவே உள்ள ரிவெட் கிடைக்கிறது. 'ஊப்ஸ் ரிவெட்' என்று அதற்குப் பட்டப்பெயர். எதை மாற்றுவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவெடுப்பதில்தான் நல்ல கட்டுநர் தெரிகிறார்.

காகிதமும் பார்க்க வேண்டும். விமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியவர்களே செய்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. முன்னவர் அப்படிச் செய்ததும் கணக்கில் சேரும், ஆனால் அதற்குச் சான்று வேண்டும். தேதியிட்ட குறிப்பேடும் புகைப்படங்களும் இல்லாத கிட் மலிவாகக் கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

முன்னவரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குப் பாடகர் ஜான் டென்வரின் கதை உண்டு. 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்த அவரது லாங்-ஈஸி விமானம், வேறொருவர் கட்டி அவர் கைக்கு வந்தது. அதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில் எரிபொருள் மாற்றும் வால்வு விமானிக்கு முன்னால், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். விபத்துக்கான காரணங்களில் அந்த இடமாற்றத்தையும் விசாரணை சேர்த்தது. அங்கே ரிவெட்டோ பசையோ தோற்கவில்லை. வரைபடத்திலிருந்து விலகியது எங்கெங்கே என்று முன்னவரைத் துருவிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

கட்டி முடித்து, சான்றிதழ் பெற்று, 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதிய பிறகும் சோதனைப் பறத்தல் பாக்கி. வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம், குறித்த எல்லைக்குள், பயணிகளை ஏற்றாமல். பறந்து இறங்கியதும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். தளர்ந்த ரிவெட் உராய்ந்தால் அதன் பின்னால் கரிக்கோடு இழுத்திருக்கும். கோடு தென்பட்டால், அந்த வரிசை யார் அடித்தது என்று முதலில் குறிப்பேட்டைத்தான் புரட்டுவார்கள். அது தன் வரிசையாகவே இருந்துவிடுவதும் உண்டு.