65 பேட்டர்ன்களும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கிரெகார் ஹோப், பாபி வூல்ஃப் இருவரும் எழுதிய 'எண்டர்பிரைஸ் இன்டக்ரேஷன் பேட்டர்ன்ஸ்' புத்தகம் 2003-ல் வந்தது. அடிசன்-வெஸ்லி வெளியீடு. எழுநூறு பக்கத்தை ஒட்டிய கனமான புத்தகம். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆன நேரத்தில் சம்பளப் பணத்தில் வாங்கினேன். இந்த மாதம் மறுபடியும் முழுசா வாசிச்சேன். முதல் தடவை வாசிச்சப்போ இருந்த பிரமிப்பு இப்பவும் பாதி இருக்கு. மீதி பாதி என்ன ஆச்சுன்னு எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

இந்தத் துறையில் இல்லாதவங்களுக்காக ரெண்டு வரி. ஒரு பெரிய நிறுவனத்தில் பல மென்பொருள்கள் தனித்தனியா ஓடும். கணக்குக்கு ஒன்னு, சரக்குக்கு ஒன்னு, வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒன்னு. வேற வேற காலத்தில், வேற வேற ஆட்கள் எழுதினது. இவை ஒன்னோடு ஒன்னு பேசணும். நடுவில் இருந்துகொண்டு ஒன்னுகிட்ட தகவலை வாங்கி இன்னொன்னுக்குக் கொடுக்கிற மென்பொருளுக்கு மிடில்வேர்னு பேர். எல்லாத்தையும் ஒரே திரையில், ஒரே பாஸ்வேர்டில் காட்டுவது போர்ட்டல். புத்தகம் மிடில்வேர் பற்றியது, அதிலும் குறிப்பாக மெசேஜிங் பற்றியது. போர்ட்டல் முதல் அத்தியாயத்தில் ஒரு வகையாக வந்துவிட்டுப் போய்விடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன்

இந்தப் புத்தகம் வருவதற்கு முன்னாடி இன்டக்ரேஷன் வேலை செய்கிற ஒவ்வொருத்தரும் தான் பழகின கம்பெனியின் பாஷையில்தான் பேசினாங்க. ஐபிஎம் ஆட்கள் ஒரு பாஷை, டிப்கோ ஆட்கள் ஒரு பாஷை, மைக்ரோசாஃப்ட் பிஸ்டாக் ஆட்கள் இன்னொரு பாஷை. செய்கிற வேலை ஒன்னுதான்னு கண்டுபிடிக்கவே ஒரு மீட்டிங் போயிடும். ஹோப்பும் வூல்ஃபும் அந்த வேலைகளைப் பிரிச்சு 65 பேட்டர்ன்களாக்கி, ஒவ்வொன்னுக்கும் ஒரு பேரும் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சின்னப் படமும் கொடுத்தாங்க. 2007-ல் வந்த அப்பாச்சி கேமல் இந்தப் பேர்களை அப்படியே நிரல் மொழியாகவே ஆக்கிக்கொண்டது. ஒரு புத்தகத்தின் சொற்களை வைத்தே ஒரு மென்பொருள் எழுதப்படுவது சாதாரண விஷயம் இல்லை.

பேர் வைத்தது மட்டும் இல்லை, தோல்வியை நேராகப் பார்த்த புத்தகம் இது. உதாரணமா, ஒரு பிரீமியம் ரசீதை ஒரு சிஸ்டம் இன்னொன்னுக்கு அனுப்புது. பதில் வரலை. போய்ச் சேர்ந்ததா, வழியில் தொலைஞ்சதா, சேர்ந்துட்டு பதில் மட்டும் தொலைஞ்சதா? அனுப்பினவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் மறுபடி அனுப்புவார். அப்படின்னா வாங்குகிறவர் அதே ரசீது ரெண்டு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் வரவு வைக்கணும். இதுதான் 'ஐடெம்பொடென்ட் ரிசீவர்'. இப்பவும் யூபிஐ மாதிரி எந்தப் பணப் பரிமாற்ற நிரலை எழுதுகிறவரும் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போக முடியாது.

புத்தகம் வந்த அடுத்த வருஷம் ஹோப் ஒரு காபி கடையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டார்பக்ஸில் காசு வாங்குகிறவர் ஒருத்தர், காபி போடுகிறவர் இன்னொருத்தர். ரெண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடியணும்னு யாரும் காத்திருப்பதில்லை. கோப்பையில் எழுதிய குறிதான் எது யாருடையதுன்னு சொல்லும். தப்பா போட்டா கொட்டிட்டு வேற போடுவாங்க, முடியலைன்னா காசைத் திருப்பிக் கொடுப்பாங்க. நம்ம ஊர் ஓட்டலில் டோக்கன் வாங்கி காபி கவுண்டரில் நீட்டுகிற யாருக்கும் இது உடனே புரியும். இவ்வளவு எளிமையா விளக்கத் தெரிந்தவர் எழுதிய புத்தகம் என்பதால்தான், அடுத்து வரும் குறையை லேசா விட முடியலை.

மேடத்தின் நோட்டு

புத்தகம் வந்து சில வருஷத்தில் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இன்டக்ரேஷன் வேலையில் இருந்தேன். பேர் வேண்டாம். பாலிசி, பிரீமியம் வசூல், கிளெய்ம், ஏஜென்ட் கமிஷன்னு நாலு சிஸ்டம். நடுவில் மிடில்வேர், மேலே ஒரு போர்ட்டல். திரையில் நாலு பொட்டி, நாலு சிஸ்டத்துக்கும் ஒவ்வொன்னு. அந்தக் காலத்து போர்ட்டல் எல்லாம் அப்படித்தான். ஒவ்வொரு பொட்டிக்கும் போர்ட்லெட்னு பேர். அதுக்கான ஜாவா தரமான ஜேஎஸ்ஆர் 168 வந்ததும் இதே 2003-ல்தான்.

போர்ட்டலைக் காட்டிப் பயிற்சி கொடுக்க ஒரு கிளைக்குப் போயிருந்தேன். வாடிக்கையாளர் சேவையில் மூத்த ஊழியர் ஒருத்தர், எல்லாரும் மேடம்னுதான் கூப்பிடுவாங்க. நான் பேசி முடிச்சதும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார்.

"தம்பி, நாலு பொட்டியிலயும் அட்ரஸ் வேற வேறயா காட்டுதே, எதை நம்புறது?"

"எல்லாம் சீக்கிரம் ஒன்னாயிடும் மேடம், அடுத்த ரிலீஸ்ல."

"அதுவரைக்கும் நான் இதைத்தான் பார்ப்பேன்."

நோட்டில் எழுதியிருந்தது இதுதான்: அட்ரஸுக்கு மூணாவது பொட்டி. போன் நம்பருக்கு முதல் பொட்டி. பேருக்கு எதுவும் இல்லை, ஃபைலை எடுத்துப் பார்க்கணும்.

கணக்கு எங்கே தப்புது

அடுத்த ரிலீஸுக்கு நாங்கள் நம்பியிருந்தது புத்தகத்தில் உள்ள 'கனானிக்கல் டேட்டா மாடல்' என்கிற பேட்டர்ன். அதாவது எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவா ஒரு தகவல் வடிவம். ஒவ்வொரு சிஸ்டமும் தன் பாஷையிலிருந்து பொது பாஷைக்கும், பொது பாஷையிலிருந்து தன் பாஷைக்கும் மாற்றிக்கொண்டால் போதும். புத்தகம் இதற்கு ஒரு கணக்கு போடுகிறது. ஆறு சிஸ்டம் நேருக்கு நேர் பேசினால் 30 மொழிபெயர்ப்பு வேணும். பொது வடிவம் இருந்தால் 12 போதும். மேலதிகாரிகளிடம் பவர்பாயின்ட்டில் காட்ட இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. நாங்களும் காட்டினோம்.

கணக்கு சரிதான். எண்ணுகிற பொருள்தான் தப்பு. 30 என்பது ஒவ்வொரு சிஸ்டமும் மற்ற எல்லா சிஸ்டத்தோடும் ரெண்டு திசையிலும் பேசினால் வருவது. நிஜத்தில் கமிஷன் சிஸ்டத்துக்கு கிளெய்ம் சிஸ்டத்தோடு என்ன பேச்சு? எங்கள் நாலு சிஸ்டத்தில் மொத்தம் அஞ்சு உரையாடல்தான் இருந்தது. பொது வடிவத்துக்கு எட்டு. குறையவே இல்லை, கூடிவிட்டது.

அதைவிட முக்கியம், அந்த 30-ல் ஒவ்வொன்னும் ரெண்டே டீம் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியது. 12-க்கு எல்லா டீமும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ளணும். 'வாடிக்கையாளர்' யார்? பாலிசி டீமுக்கு அது பாலிசி யார் பேரில் இருக்கோ அவர். வசூல் டீமுக்குப் பணம் கட்டுகிறவர், மகள் பாலிசிக்கு அப்பா கட்டுவார். கிளெய்ம் டீமுக்குப் பணம் வாங்க வருகிறவர், சில சமயம் அது மனைவி. மூணு பேருமே சரி. மாதக்கணக்கில் பேசி நாங்கள் உருவாக்கிய பொது 'வாடிக்கையாளர்' வடிவத்தில் நூறுக்கு மேல் ஃபீல்டு. கிட்டத்தட்ட எல்லாமே விருப்பத்துக்கு விடப்பட்டவை. எதையும் கட்டாயமாக்க யாரும் ஒத்துக்கலை.

கட்டாயமான ஒரு சிலவற்றில் ரெண்டு, ஃபர்ஸ்ட் நேமும் லாஸ்ட் நேமும். இனிஷியல் போட்டு எழுதுகிற ஊரில் இது என்ன செய்யும்னு உங்களுக்கே தெரியும். ஆர். கண்ணன்னு ஒருத்தர்னு வைத்துக்கொள்வோம். ஒரு சிஸ்டத்தில் லாஸ்ட் நேம் வெறும் 'ஆர்'. இன்னொன்னில் அப்பா பேரை விரிச்சு எழுதியிருக்கும். மூணாவதில் கண்ணனே லாஸ்ட் நேம். பொது வடிவத்தில் இவர் மூணு பேர்.

இப்படிப் பிரிந்த ஒருத்தரின் கடைசி பிரீமியம் வேற வாடிக்கையாளர் எண்ணில் போய் உட்கார்ந்தது. பாலிசி சிஸ்டம் பணம் கட்டலைன்னு காட்டியது. அவர் இறந்த பிறகு மனைவி கிளெய்முக்கு வந்தபோது பாலிசி காலாவதின்னு பதில் போனது. அந்த அம்மா மூணு வாரம் அலைஞ்சாங்க. கடைசியில் மேடம்தான் பழைய ஃபைலை எடுத்து ரசீதைக் கண்டுபிடிச்சார். நான் லாக் முழுக்கத் தேடினேன். ஒரு மெசேஜ்கூட தொலையலை. ஒன்னுகூட ரெண்டு தடவை போகலை. டேஷ்போர்டில் எல்லாம் பச்சை.

அறுபத்தஞ்சில் இல்லாதது

என் விமர்சனம் இங்கேதான். போய்ச் சேர முடியாத மெசேஜுக்குப் புத்தகத்தில் 'டெட் லெட்டர் சானல்' இருக்கு. போய்ச் சேர்ந்தும் வாங்குகிறவருக்குப் புரியாத மெசேஜுக்கு 'இன்வேலிட் மெசேஜ் சானல்' இருக்கு. ஒழுங்காப் போய்ச் சேர்ந்து, ஒழுங்காப் படிக்கப்பட்டு, வேற அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட மெசேஜுக்கு எதுவும் இல்லை. நான் பார்த்த வரைக்கும் ஆளைக் கஷ்டப்படுத்தின தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூணாவது ரகம்.

ஆசிரியர்களுக்கு இது தெரியாதுன்னு சொல்ல முடியாது. முதல் அத்தியாயத்திலேயே எக்ஸ்எம்எல் வந்தால் எல்லாம் தீர்ந்துடும் என்கிற நம்பிக்கையை எச்சரிக்கிறாங்க. ஒரே சொல்லுக்கு ரெண்டு சிஸ்டத்தில் ரெண்டு அர்த்தம் இருக்கும், அதைத் தீர்ப்பதுதான் கஷ்டம்னு எழுதியிருக்காங்க. இன்டக்ரேஷன் என்பது நிறுவனத்துக்குள் அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயமும்தான் என்கிறாங்க. அப்புறம் மீதிப் பக்கங்கள் முழுக்கக் குழாய்கள். எச்சரிக்கை முன்னுரையில் தங்கிவிட்டது, படமும் பேரும் கிடைத்த பேட்டர்ன்கள் தயாரிப்புகளாகிவிட்டன. எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் விற்க வந்தவங்க புத்தகத்தின் படங்களைக் காட்டினாங்க. முதல் அத்தியாயத்தை யாரும் காட்டலை.

இது மெசேஜிங் பற்றிய புத்தகம், எல்லாத்தையும் எதிர்பார்க்கலாமான்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கனானிக்கல் டேட்டா மாடல் குழாய் சம்பந்தப்பட்டது இல்லை, அர்த்தம் சம்பந்தப்பட்டது. அதை 65-ல் ஒன்னா சேர்த்துட்டு, அம்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து நியாயப்படுத்தினதுதான் புத்தகத்தின் பலவீனமான இடம்னு நினைக்கிறேன்.

வேடிக்கை என்னன்னா, அதே 2003-ல், அதே பதிப்பகத்திலிருந்து எரிக் எவன்ஸின் 'டொமைன் டிரிவன் டிசைன்' வந்தது. பெரிய நிறுவனம் முழுமைக்கும் ஒரே மாடல் சாத்தியமும் இல்லை, செலவுக்குக் கட்டுபடியும் ஆகாது என்பது அவர் வாதம். ஒரு சொல்லுக்கு எந்த எல்லைக்குள் ஒரே அர்த்தம் இருக்கோ, அந்த எல்லையை வெளிப்படையா வரைங்க, எல்லை தாண்டும்போது மொழிபெயர்ப்பை எழுதி வைங்க என்றார். ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசிச்சிருந்தால் எங்கள் பொது வடிவ மீட்டிங்கில் பாதி நடந்தே இருக்காது. நான் எவன்ஸை வாசிச்சது ரொம்பப் பின்னாடி.

அப்புறம் மைக்ரோசர்வீசஸ் வந்தது. 2014-ல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரை, புத்தி முனைகளில் இருக்கட்டும், குழாய் முட்டாளாவே இருக்கட்டும்னு சொன்னது. எல்லாப் புத்தியையும் பஸ்ஸுக்குள் திணிச்ச அனுபவம் அதற்குள் பல பேருக்கு வந்திருந்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் 'வாடிக்கையாளர் யார்' என்கிற கேள்வி முனைக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

இன்னிக்கு ஒரு இளம் இன்ஜினியர் இந்தப் புத்தகத்தை வாங்கலாமான்னு கேட்டால் வாங்குன்னுதான் சொல்வேன். ஐடெம்பொடென்ட் ரிசீவரையும் கோரிலேஷன் ஐடென்டிஃபையரையும் இதைவிடத் தெளிவா யாரும் சொல்லலை. முதல் அத்தியாயத்தை ரெண்டு தடவை வாசி, கனானிக்கல் டேட்டா மாடல் வரும்போது எவன்ஸைத் திற, வேலையை ஆரம்பிக்கும் முன்னாடி திரையைப் பார்த்து வேலை செய்கிறவங்க மேஜை இழுப்பறையில் என்ன வைத்திருக்காங்கன்னு கேள்.

நாங்கள் கடைசியில் செய்த திருத்தம் சின்னது. போர்ட்டலில் ஒவ்வொரு அட்ரஸுக்கும் கீழே அது எந்த சிஸ்டத்திலிருந்து வந்தது, எப்போது மாற்றப்பட்டதுன்னு ஒரு வரி சேர்த்தோம். ரெண்டு நாள் வேலை. யோசனை மேடத்தின் நோட்டிலிருந்து வந்தது. ரிலீஸ் குறிப்பில் அதை எழுத எங்களுக்குத் தோணலை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.