ஊர்கூடி இழுத்த தேர் யாருடைய தேர்?

சொந்த ஊரைப் பற்றி எழுதுவது தமிழில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. தலபுராணம், கும்பாபிஷேக மலர், திருவிழா நினைவுக் கட்டுரை என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. எங்கள் செட்டிகுளத்தைப் பற்றிய எழுத்துகளும் பெரும்பாலும் அந்த அச்சில் வார்த்தவைதான். ஏகாம்பரேஸ்வரர் கோயில், குன்றின்மேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி, சோழனையும் பாண்டியனையும் சேர்த்துச் சொல்லும் கதை, பங்குனி உத்திரம். இதோடு ஊர் முடிந்துவிடுகிறது.

சாமி கைக்குக் கரும்பு வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது. கரும்பு வெட்டுகிறவருக்குக் கதை இல்லை. இன்று எங்கள் ஊர்ப் பெயரை வெளியே சொல்ல வைப்பது சின்ன வெங்காயம். நட்டு, களையெடுத்து, பிடுங்கி, தாள் அரிந்து, பட்டறை போடும்வரை அத்தனையும் கைவேலை. எங்க அப்பாயி விரல் இடுக்கில் வெங்காய நெடி சாகுறவரைக்கும் போகல. “சாமி கையில கரும்பக் குடுத்தாங்க, எங்கையில அருவாளக் குடுத்தாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லும். இந்த ஒரு வாக்கியம் எந்தத் தலவரலாற்றில் இருக்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் சுமார் 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இத்தனை பேரை விட்டுவிட்டு எழுதுவதற்கு ‘ஊர் வரலாறு’ என்று எப்படிப் பெயர் வைக்க முடிகிறது? நம்ம பேச்சே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சேரியிலிருந்து கிளம்புகிறவர் “ஊருக்குள்ள போயிட்டு வந்துர்றேன்” என்கிறார். அவரும் அதே கிராமத்தில்தான் குடியிருக்கிறார்; ஆனாலும் ஊர் அவருக்கு வெளியே இருக்கிறது. கிராமத்தைப் புனிதமாக்கியவர்களை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்துப் பேசியது இதனால்தான்.

திருவிழா ஒற்றுமையின் அடையாளம் என்று எழுதுகிறார்கள். ஊர்கூடித் தேர் இழுப்பது என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் 1998இல் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள். அது மோதலாகி, நீதிமன்றம்வரை போனது. 2024இல் எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடித்தபோது சுற்றிலும் பெரும் போலீஸ் படை நின்றது. தேரைப் பற்றி எழுதுகிறவர்கள் மரச்சிற்பத்தை எழுதுகிறார்கள், வடத்தை எழுதுவதில்லை.

இந்த இடத்தில்தான் பாமாவின் ‘கருக்கு’ (1992) முக்கியமாகிறது. அதுவும் சொந்த ஊரை வர்ணித்துத்தான் தொடங்குகிறது. மலை, குளம், வயல் எல்லாம் வருகின்றன. அழகைச் சொன்ன அதே மூச்சில் எந்தத் தெருவில் எந்தச் சாதி, பள்ளிக்கூடமும் தபால் ஆபீசும் யார் பக்கம் என்று சொல்லிவிடுகிறார். ஊரை நேசிப்பதற்கு ஊரை மறைக்க வேண்டியதில்லை என்று காட்டிய எழுத்து அது.

அதற்காக நம்ம பக்கமே நியாயம் என்று உட்கார்ந்துவிடவும் முடியாது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் வரும் ஆரோக்கியம், காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண். சோற்றுக்கும் தானியத்துக்கும் அவள் கையேந்தி நிற்பது காலனிக்காரர்கள் வாசலில்தான். ஊர் சேரியை மறந்தது போல நாம் அவளை மறந்துவிட்டு எழுதினால், அதுவும் இன்னொரு தலபுராணமாகத்தான் இருக்கும்.

ஆகவே தோழர்களே, அவரவர் ஊரை எழுதுங்கள். கோயிலிலிருந்து தொடங்க வேண்டாம். பட்டறை போட்ட கையிலிருந்து, பறை காய்ச்சிய நெருப்பிலிருந்து தொடங்குங்கள். கல்வெட்டுக்கு ஆயிரம் வருசம் ஆயுள். அப்பாயிகள் சொன்னதற்கு அந்த ஆயுள் இல்லை. எங்க அப்பாயி சொன்னதில் பாதியை நான் எழுதாமலே விட்டுவிட்டேன். இனி கேட்கவும் ஆள் இல்லை.